அரை ஏக்கரில் கை வைக்காதே, மச்சான்

சுங்கை சிப்புட்
ஞாயிறு, விடியற்காலை

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பிய எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை நேற்று இரவே பார்த்துவிட்டேன். உடனே பதில் போடாததற்குக் காரணம் கோபம். உன்மேல் இல்லை. ரிப்போர்ட்டுக்குக் கீழே நீ எழுதியிருந்தாயே இரண்டு வரி, அதைப் படித்துத்தான். ஏதோ ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் செத்துப்போன இதயத் தசை திரும்ப முளைக்குமாம், மூன்று ஊசிக்கு 45,000 வெள்ளியாம், இங்கே ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருக்கிற உன் அரை ஏக்கரை விற்றுவிடலாம் என்று பார்க்கிறாயாம். விற்காதே. முன்பணம் என்று ஐம்பது வெள்ளிகூட அந்தக் கிளினிக்கில் கட்டாதே. ஏன் என்று இனிப் பொறுமையாகச் சொல்கிறேன்.

முதலில் ரிப்போர்ட்டில் இருக்கிற அந்த 32. ஈஎஃப் 32 என்றதும் பரீட்சையில் ஃபெயில் ஆன மாதிரி பயந்துவிட்டாய் போலிருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடம் நிரம்பிய இரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. நல்ல இதயமே 55, 60, 65 என்றுதான் தள்ளும், யாருக்கும் நூறு கிடையாது. அப்படியென்றால் உன்னுடையது பாதி வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. குறைவுதான், ஆனால் இந்த எண் மருந்தில் ஏறக்கூடிய எண், அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் அப்பா தோட்டத்து வேலையைக் கண்காணிக்கும் தண்டலாக இருந்த காலத்தில் காலையில் நிரைக்கு நிரை நடந்து பட்டையைத் தடவிப் பார்ப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? விரல் எங்காவது நின்றுவிட்டால் போச்சு, "எவன்டா இங்கே காயம் போட்டது" என்று தோட்டமே கேட்கும். பால்மரத்தில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஈரமாக ஒரு மெல்லிய படலம், கத்தி அதைத் தொடாதவரை பட்டை திரும்ப வளர்ந்துவிடும், சில வருஷம் விட்டு அதே இடத்தில் மறுபடி பால் வெட்டலாம். தொட்டுவிட்டால் முண்டு முண்டாகத்தான் வரும், அங்கே கத்தி ஓடாது. இதயம் முழுக்கவே அந்தக் காயம்பட்ட இடம் மாதிரிதான் மச்சான். அட்டாக்கில் இரத்தம் நின்று செத்த தசைக்குப் பதிலாக அங்கே தழும்புதான் வளரும். சுவர் கிழிந்துபோகாமல் தழும்பு பிடித்துக்கொள்ளும், ஆனால் துடிக்காது.

சுத்தமாக வளராது என்றும் சொல்லமுடியாது. சுவீடனில் யோனாஸ் ஃபிரிசென் என்பவர் 2009இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1950களிலும் 63 வரைக்கும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில் ஒருவகைக் கார்பன் உலகம் முழுக்கக் காற்றில் பரவி, செடிகொடி வழியாக எல்லார் உடம்பிலும் ஏறியிருக்கிறது. நாம் இரண்டு பேரும் 57இல் பிறந்தவர்கள், லயத்துப் பின்னால் பிடுங்கித் தின்ற மரவள்ளிக்கிழங்கிலும் அது இருந்திருக்கும். அந்தக் கார்பன் அளவை வைத்து இதயச் செல்லுக்கு வயது பார்த்தால், இருபத்தைந்து வயதில் வருஷத்துக்கு நூற்றில் ஒரு செல் புதிதாகிறது, எழுபத்தைந்தில் அதிலும் பாதிக்குக் கீழே. ஒரு அட்டாக்கில் நூறு கோடி செல்வரை போய்விடலாம் என்கிறபோது இந்த வேகம் எதற்கு ஆகும்?

ஆனால் வளரவைக்கிற வித்தை இயற்கையில் இருக்கிறது. என் பேத்தி வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிறாள், அதில் நீலக் கோடு போட்ட ஸீப்ரா மீன் ஆறு, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதன் இதயத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் தழும்பில்லாமல் வளர்ந்துவிடுகிறது என்று 2002இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். சுண்டெலிக் குட்டிக்கும் பிறந்த முதல் சில நாட்கள் இந்தச் சக்தி இருக்கிறதாம், ஒரு வாரத்தில் போய்விடுகிறது. சாயங்காலம் தீனி போடும்போது அந்த மீன்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். இத்தனூண்டு உடம்புக்குத் தெரிந்தது நமக்கு மறந்துபோயிருக்கிறது.

சரி, ஊசிக்கு வருகிறேன். எலும்பு மஜ்ஜையில் இருக்கிற ஸ்டெம் செல்லை இதயத்தில் செலுத்தினால் அது இதயத் தசையாக மாறும் என்று 2001இல் எலியை வைத்து ஒரு பெரிய கட்டுரை வந்தது. பியெரோ அன்வெர்சா என்பவரும் அவர் கூட்டத்தாரும் எழுதியது. உலகமே அதை நம்பி நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தது. மற்ற ஆய்வுக்கூடங்களில் அப்படி மாறவே இல்லை. கடைசியில் 2018இல், அவர் வேலை பார்த்த ஹார்வர்டும் அதைச் சேர்ந்த மருத்துவமனையுமே அவருடைய 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டன. உனக்கு நோட்டீஸ் கொடுத்த கிளினிக் சொல்வது இந்தப் பழைய கதையைத்தான், படத்தை மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். கையில் ஏற்றுகிற ஊசி இதயத்துக்குப் போய்த் தசையாக முளைக்காது. இதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. மூச்சுவாங்கி உட்கார்ந்திருக்கிற மனிதனிடம் போய் நிலம் இருக்கிறதா என்று கேட்கிறார்களே!

உண்மையான வேலை வேறு இடத்தில் நடக்கிறது. ஜப்பானில் யமனாகா, சாதாரணத் தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பிக் கருவில் இருந்த நிலைக்குக் கொண்டுபோகலாம் என்று 2006இல் எலியிலும் அடுத்த வருஷமே மனிதச் செல்லிலும் காட்டினார், 2012இல் நோபல் பரிசு. அப்படித் திருப்பிய செல்லை இதயத் தசையாக வளர்த்தால் அது கிண்ணத்திலேயே துடிக்கிறது. 2020 ஜனவரியில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் அதை மெல்லிய தாள் மாதிரி செய்து ஒரு நோயாளியின் இதயத்தின் மேல் வைத்தார்கள். ஜெர்மனியில் கெட்டிங்கன் என்ற ஊரில் இன்னும் தடிப்பாக, ஒட்டுத்துணி மாதிரியே. முதலில் குரங்குகளுக்கு, அப்புறம் 46 வயதுப் பெண் ஒருவருக்கு, மொத்தம் 40 கோடி செல்கள் கொண்ட பத்து ஒட்டு. மூன்று மாதம் கழித்து அவருக்கு மாற்று இதயம் கிடைத்தபோது, எடுத்த பழைய இதயத்தைச் சோதித்தார்கள். ஒட்டுகள் உயிரோடு இருந்தன, அவற்றுக்குள் இரத்தக் குழாய் ஓடியிருந்தது. 2025 ஜனவரியில் இது வெளியானது. படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். செத்த சுவரின் மேல் உயிருள்ள தசை!

அதற்காக நாளைக்கே உனக்கு வந்துவிடாது. அடுத்தவர் செல் என்பதால் உடம்பு தள்ளாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தின்னவேண்டும், புதுத் தசை பழைய தசையோடு தாளம் சேராமல் துடிப்பு தாறுமாறாகிவிடும் ஆபத்து இருக்கிறது, மாறாமல் மிச்சமிருக்கும் செல் கட்டியாக வளருமோ என்றும் பார்க்கவேண்டும். அதனால்தான் ஒவ்வொருவராக, வருஷக்கணக்கில் கவனித்துச் செய்கிறார்கள். அப்படிப்பட்ட ஆய்வுகளில் பொதுவாகச் சிகிச்சைக்கு நோயாளியிடம் காசு கேட்கமாட்டார்கள் என்பதையும் நினைத்துப் பார்.

79இல் அட்டாக் வந்த உன் அப்பாவை லோரியில் ஏற்றிக்கொண்டு போனோமே. நான் அப்போது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசருக்குக் கையாள், இருபத்திரண்டு வயது. வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன், உள்ளங்கை ஐஸ் மாதிரி, விரல் இடுக்கில் ஒட்டுப்பால் வாடை. என்னிடம் இருந்தது ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே, 1977 செப்டம்பரில், ஸூரிச்சில் குருன்ட்ஸிக் என்ற டாக்டர் இதயத்தின் இரத்தக் குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பைத் திறந்திருந்தார். நமக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் நம் லயத்துக்கு அது வந்துசேர எத்தனையோ வருஷம் ஆனது. உனக்குப் போன வருஷம் அதே பலூனும் ஸ்டென்டும் வைத்தார்கள், நீ இன்று வாட்ஸ்அப்பில் என்னோடு சண்டை போடுகிறாய். ஒட்டும் ஒருநாள் இப்படி வரும், அது வரும்போது நீ இருக்கவேண்டும்.

அதற்கு இப்போது இருக்கிற மருந்தே போதும், ஒழுங்காகப் போட்டால். உனக்கு எழுதியிருக்கிற நான்கு வகையும் நான்கு வேறு வேலை செய்கிறவை. சர்க்கரை மாத்திரை எனக்கு எதற்கு என்று ஒன்றை நிறுத்திவிட்டதாகச் சொன்னாயே, டாபாகிளிஃப்ளோசின், அது சர்க்கரைக்கு வந்த மருந்துதான், ஆனால் சர்க்கரை இல்லாத இதய நோயாளிக்கும் பலன் தருகிறது என்று 2019இல் பெரிய ஆய்வில் தெரிந்தது. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, நாளைக்கே திரும்ப ஆரம்பி. இந்த மருந்துகளில் பலருக்கு ஈஎஃப் ஏறியிருக்கிறது. தழும்பு போகாது, மிச்சத் தசை தெம்பாகும்.

காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு, பசியாறும் முன்பு எடை பார்த்து காலண்டரில் எழுது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர், உடனே ஆஸ்பத்திரி. கருவாட்டை விடு. உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மகன் காடியில் கிள்ளானுக்கு வருகிறேன். மாத்திரை டப்பா, பழைய ரிப்போர்ட், அந்தக் கிளினிக் கொடுத்த நோட்டீஸ் மூன்றையும் மேசையில் எடுத்து வை. அரை ஏக்கரில் உன் அப்பா நட்ட டுரியான் இந்த வருஷமும் பூத்திருக்கிறது, படம் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உன் கூட்டாளி