வெலிங்டனும் தியத்தலாவையும்

பண்டாரவளை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முத்தையா,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குப் பதுளையில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் ரயிலில் போய் வருகிறாள்.

சரி, நீ கேட்ட விஷயம். குன்னூர் மார்க்கெட்டில் இலங்கை இராணுவ அதிகாரி ஒருவர் மனைவியோடு சிங்களத்தில் பேசிக்கொண்டே கேரட் வாங்கினார், பேச்சுக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதோடு, வெலிங்டன் இராணுவக் கல்லூரியில் இவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது நியாயமா என்றும் ஒரு கேள்வி. 2013இல் ஜெயலலிதா கேட்ட கேள்விதான். எனக்கு வேறொரு சந்தேகம்: பயிற்சி கொடுக்கிறவனுக்கு அதனால் என்னதான் கிடைக்கிறது?

போன மாதம் கண்டிக்குப் போனபோது யுத்த மயானத்தை எட்டிப் பார்த்தேன். புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே அளவான கற்கள். ஒவ்வொன்றிலும் படைப்பிரிவின் சின்னம், எண், பெயர், இறந்த நாள். வெள்ளைக்காரர்களுக்கு நடுவே கிழக்கு ஆப்பிரிக்கர்களும் கிடக்கிறார்கள். கண்டியில் சண்டையே நடக்கவில்லையே, இவர்கள் இங்கே எப்படி என்றுதான் யாருக்கும் தோன்றும். கென்யா, உகாண்டா, தங்கனிக்கா, நியாசாலாந்து என்று பல இடங்களில் ஆள் திரட்டி 11ஆவது கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷனை அமைத்து, இலங்கைக் காட்டில் பழக்கி, 1944இல் பர்மாவுக்கு அனுப்பினார்கள். கொட்டும் மழையில் கபாவ் பள்ளத்தாக்கு வழியாக ஜப்பானியரைத் துரத்திக்கொண்டு கலேவா வரை போன படை அது. 'நேச நாட்டுப் படை' என்கிறார்கள். நேசமா என்று அவர்களை யார் கேட்டார்கள்? அவர்களைக் கப்பல் ஏற்றியவனும் நம் தாத்தாக்களை ஏற்றியவனும் ஒரே துரைதானே.

அவர்களில் வருஹியு இட்டோட்டே என்று ஒருவர். இலங்கையில் இருந்துவிட்டுப் பர்மா போர்முனைக்குப் போன கோர்ப்பரல். ஊர் திரும்பியவர் பத்து வருடத்துக்குள் கென்ய மலைக்காட்டில் பிரிட்டனை எதிர்த்த மாவ் மாவ் போராளிகளுக்குத் தளபதி, 'ஜெனரல் சைனா' என்று பெயர். காட்டுச் சண்டையைப் பழக்கிவிட்டவர்களே 1954இல் அவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

இது ஒருவர் கதை மட்டுமில்லை. பேராதனைப் பூங்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்களே, அங்கேதான் 1944 ஏப்ரலில் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தை வைத்தார். ஃபோர்ஸ் 136 என்ற ரகசியப் படையும் கண்டியிலிருந்துதான் இயங்கியது. மலாயாக் காட்டில் ஜப்பானியரை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு ஆயுதமும் அதிகாரிகளும் போனது இந்தப் படை வழியாக. கெரில்லாக்களின் பக்கத்தில் தொடர்பாளராக இருந்த சின் பெங்குக்குப் போர் முடிந்ததும் பிரிட்டன் ஓ.பி.ஈ. விருதே கொடுத்தது. 1948இல் அவர் மறுபடியும் காட்டுக்குள் போனார், இந்த முறை பிரிட்டனை எதிர்த்து.

எனக்கு இன்னும் சுவாரஸ்யமாகப் படுவது 1945 செப்டம்பர். பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சான் கண்டிக்கு வருகிறார். அவரும் தோழர்களும் 1941இல் ஹைனான் தீவில் ஜப்பானியரிடம் பயிற்சி பெற்றவர்கள்; 1945 மார்ச்சில் அதே ஜப்பானியர் மேல் துப்பாக்கியைத் திருப்பியவர்கள். போர் முடிந்துவிட்டது, இந்தப் படையை என்ன செய்வது? 5,200 வீரர்களையும் 200 அதிகாரிகளையும் புதிய பர்மா இராணுவத்தில் சேர்ப்பதாக மவுண்ட்பேட்டனோடு உடன்பாடு ஆனது. கையெழுத்துப் போட்டது நம் கண்டியில். ஹைனானில் ஆங் சானோடு பயிற்சி பெற்ற நே வின் 1962இல் அந்த நாட்டையே கையில் எடுத்துக்கொண்டார்.

எண்பதுகளில் இந்தியா நம் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் பக்கத்தில்தானே முகாம்கள் இருந்தன. 1987இல் அமைதிப் படை வந்தது. போனபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களை இழந்திருந்தது.

இப்போது இங்கே தியத்தலாவை இராணுவக் கல்லூரிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். நீ இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிய காலத்தில் நம் ஆட்கள்தான் வெளியே போய்ப் படித்தார்கள். ஒருநாள் சந்தைப் பக்கம் மாலைத்தீவுக் கடேட் ஒருவனைப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய முடி, டை கட்டியிருந்தான். அவன் நாட்டு மாசிக் கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்து மோந்து பார்த்து, விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டான். 1988இல் அவன் நாட்டைப் பிடிக்கக் கப்பலில் போனது நம் தமிழ் இயக்கம் ஒன்று என்று அவனுக்குத் தெரியுமா தெரியாது. கடைக்காரர் முனியாண்டி அண்ணனுக்கு அது ஞாபகம் இருந்தாலும் பத்து ரூபாய்கூடக் குறைத்திருக்க மாட்டார்!

அதனால், பயிற்சி கொடுத்தால் நட்பு வளரும் என்று உங்கள் டெல்லிக்காரர்கள் சொல்வதை நான் நம்பவில்லை. ஆனால் அந்த அதிகாரியைத் திருப்பி அனுப்பினால் மட்டும் என்ன ஆகும்? பாகிஸ்தானில் குவெட்டாவுக்குப் போவார். 1947இல் பிரிந்து வெலிங்டன் வந்ததும் குவெட்டாவிலேயே நின்றதும் ஒரே கல்லூரிதான், பாடமும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். நம் நாட்டு யுத்தத்தில் என்ன நடந்தது என்று விசாரிப்பது வேறு வேலை. அதைச் செய்யாமல் இரண்டு பேரை ஊட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் யாருக்கு நியாயம் கிடைக்கும்?

அப்புறம், அடுத்த முறை அவரைப் பார்த்தால் சிங்களத்தில் ஒரு வார்த்தை பேசிப் பார். எந்த ஊர் என்று கேள். உன் சிங்களம் துருப்பிடித்திருக்கும், பரவாயில்லை. என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. சித்திரையில் நீ வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு, ரயிலில் சீட்டுப் பிடிப்பது பெரிய பாடாக இருக்கிறது.

அன்புடன்,
செல்வராஜ்