கவுன்சலர் வெளியாளாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேல்நிலைப் பள்ளிகளில் கவுன்சலிங் வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேண்டும்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தால் போதும் என்ற யோசனை எங்கள் நெல்லைச் சீமையில் எடுபடாது.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கும் பையன்கள் சிலர் கடை ஓரமாக நின்று கையில் கட்டிய கலர் கயிற்றை அவிழ்த்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டுக்கொள்வார்கள். சாயங்காலம் மணி அடித்ததும் அது திரும்பக் கைக்கு ஏறிவிடும். எந்தக் கலர் எந்தச் சாதி என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எந்த சார் எந்த ஆட்கள் என்பதும் அப்படித்தான். அந்த சாரிடமே போய் ஒரு பையன் எப்படி மனசு திறப்பான்? பிராக்டிக்கல் மார்க்கும் அவர் கையில்தானே இருக்கிறது!

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது என்ற பரிந்துரையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரைப் போட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் வகுப்புக்குள்ளேயே அரிவாள் எடுத்ததையும் பார்த்துவிட்டோம்.

பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் போன் போடலாமே என்பார்கள். சரி, எந்தப் போனில்? வீட்டுக்கு ஒரு போன். பக்கத்திலேயே அம்மா பீடி சுற்றிக்கொண்டிருப்பார்.

சண்டை சச்சரவுக்கு மட்டும் கவுன்சலர் என்று நினைத்துவிடக் கூடாது. போன வருடம் மார்க் ஷீட் ஜெராக்ஸ் எடுக்க வந்த பிள்ளை, “அண்ணாச்சி, காமர்ஸ் படிச்சா பி.எஸ்சி. நர்சிங் கிடைக்காதாமே, நெசமா?” என்று கேட்டது. பயாலஜி இருந்தால்தான் கிடைக்கும். பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து கேட்கிறது! பிளஸ் ஒன்னில் என்ன குரூப் என்றே விசாரிக்காமல், கூட்டாளி எடுத்தாள் என்று தானும் எடுத்திருக்கிறது. மேற்படிப்புக்கு வழிகாட்டும் ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’ எல்லாம் நல்ல அரசுத் திட்டங்கள்தான். ஆனால் குரூப் எடுக்கும் பத்தாம் வகுப்பு லீவில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டாமா? அந்தக் கேள்விக்கு ஜெராக்ஸ் கடைக்காரனா பதில் சொல்வது?

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலாவது முதலில் ஆள் போடட்டும். உளவியலோ சமூகப் பணியோ படித்தவராக, வெளி மாவட்டத்துக்காரராக இருந்தால் நல்லது. பாடம் எடுக்கும் வேலையும் தேர்தல் வேலையும் அவர் தலையில் கட்டக் கூடாது. அப்புறம், அவருக்குத் தனி அறை வேண்டும். ஹெச்.எம். ரூமைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும் என்றால் ஒரு பிள்ளையும் எட்டிப் பார்க்காது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
அம்பாசமுத்திரம் வட்டம்.