மூன்றாவது நம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய லிங்க் எல்லாம் கிடைத்தது. கீழ்வீட்டு அன்ரியின் மகள் ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்துக் காட்டினாள். என் மகன் லண்டனில் இருந்துகொண்டு, நான் விழுந்தால் பட்டனை அழுத்தி ஆளைக் கூப்பிடுகிற மெஷின் தேடுகிறான் என்று அன்ரியிடம் பெருமையாகச் சொன்னேன். "அவன் கோல் எடுத்தவனா?" என்று கேட்டார். தேத்தண்ணி ஆறுகிறது என்று கதையை மாற்றிவிட்டேன்.

நீ பார்த்திருப்பது மாதக் காசு கட்டுகிற வகை. பட்டனை அழுத்தினால் ஒரு நிலையத்தில் ஆள் எடுத்துப் பேசி, தேவை என்றால் அம்புலன்ஸ் அனுப்புவார்களாம். லண்டனில் இருக்கிற ஆள் வெள்ளவத்தைக்கு எதை அனுப்புவது? இங்கே அம்புலன்ஸ் என்றால் 1990 என்ற நம்பருக்கு அடிப்பதுதான். நீ போன பிறகு, 2016இல் வந்தது, காசு கிடையாது. எனக்குச் சரிவருவது இங்குள்ள சிம் போட்டு, நாங்கள் பதிந்து வைத்த நம்பர்களுக்கு வரிசையாக அடிக்கிற வகைதான். ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும்.

கையில் கட்டுவது வேண்டாம். அப்பாவுக்கு வந்தது போல வலப்பக்கம் இழுத்துவிட்டால், இடக்கையில் கட்டிய பட்டனை எந்தக் கையால் அழுத்துவது? கழுத்தில் தொங்கினால் எந்தக் கையும் எட்டும். தண்ணீர் பட்டாலும் பழுதாகாததாகப் பார். கனடாவில் சின்னமாமி நல்லதொன்று வைத்திருந்தார். குளிக்கப் போகும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். மிச்சம் உனக்குத் தெரியும். நிலத்தில் மணிக்கணக்காகக் கிடந்ததில் தசை நைந்து சிறுநீரகம் வரை போய்விட்டதே.

விழுந்தால் தானாகவே அறியும் என்று விலை கூட்டி விற்பதை முழுக்க நம்பாதே. தடாலென்று விழுந்தால் பிடிக்கும். சுவரோடு மெல்லச் சரிந்தால் பிடிக்காமலும் விடும். சும்மா கதிரையில் தொப்பென்று இருந்தாலும் சில நேரம் அடிக்கும். சார்ஜ் நாலைந்து நாளாவது நிற்க வேண்டும். 2025இல் பாணந்துறை மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அந்த ஞாயிறு என் போனில் பற்றரி இல்லை. நீ எடுத்திருந்தாலும் கிடைத்திருக்காது. நீ எடுக்கவும் இல்லை.

கிரில் கதவுக்கு உள்ளே ஆமைப்பூட்டுப் போட்டுப் படுப்பதை விட்டுவிட்டேன். அம்புலன்ஸ் வந்தும் வாசலில் நின்றால் என்ன பிரயோசனம்? வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டு மாற்றி, ஒரு திறப்பை அன்ரியிடம் கொடுத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. பொங்கலுக்கு அனுப்பிய படத்தில் நீ மட்டும்தான் நின்றாய், மேசையில் ஒரே ஒரு கோப்பை. கேட்கவில்லை. ஆனால் நீயும் பாத்ரூமில் வழுக்கினால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள்? மெஷின் கிழவிகளுக்கு மட்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தம்பி. குளிருக்குள் தொப்பி இல்லாமல் திரியாதே.

வரிசைக்கு மூன்று நம்பர் வேண்டும். முதலாவது அன்ரி. இரண்டாவது வாச்சர் ஐயா; இரவிலும் விழித்திருப்பவர், எனக்கு வாய் குழறினாலும் 1990க்கு அடித்துச் சிங்களத்தில் விபரம் சொல்லுவார். மூன்றாவது உன்னுடையது. எனக்கு விடிய ஐந்து மணி என்றால் உனக்கு நடுச்சாமம், தெரியும். வந்து தூக்க முடியாது, அதுவும் தெரியும். எடுத்தால் போதும்.

வாட்ஸ்அப் சரிவராது, அந்த மெஷின் சாதாரண கோல்தான் எடுக்கும். வெளிநாட்டுக்கு அடிக்க சிம்மில் காசு போட்டு வைக்கிறேன். உன் பழைய நம்பர்தானா இப்போதும், இல்லை மாறிவிட்டதா என்று எழுது.

அம்மா