மினுக்கிய ரிவால்வருக்கு விலை குறைவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழம்பொருட்கள் பற்றி வந்த கட்டுரையில் கைத்துப்பாக்கிகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். குழல் பெரிதாக, வயது அதிகமாக, பார்க்கப் பளபளவென்று இருந்தால் நல்ல விலை போகும் என்று எழுதியிருந்தது. முதல் இரண்டும் பாதி உண்மை. மூன்றாவது முழுத் தப்பு. அந்தத் தப்பை நம்பி 300 டாலரைத் தொலைத்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

நான் பீளமேட்டுக்காரன். ஒரு பம்ப் கம்பெனி டூல்ரூமில் பதினோரு வருடம் லேத்தும் கிரைண்டிங்கும் பார்த்துவிட்டு 1997இல் ஹூஸ்டனுக்கு வந்தேன். எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகளுக்கு உதிரி பாகம் கடையும் வேலை. உடன் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் காட்டுப்பன்றி வேட்டைக்காரர்கள். டெக்சஸில் பன்றிகள் வயலைக் கிளறி நாசம் பண்ணுவது அப்படி. கையில் ரைபிள் இருந்தாலும், அடிபட்ட பன்றி புதருக்குள்ளிருந்து திரும்பி ஓடிவந்தால் எடுக்க இடுப்பில் பெரிய தோட்டா போடும் .44 மேக்னம் ரிவால்வர் ஒன்று வைத்திருப்பார்கள். எனக்கு வேட்டையில் ஆசை கிடையாது, காகிதத்தைச் சுடுவதோடு சரி. என்னை இழுத்தது அந்த இயந்திரம். மில்லிங் மெஷினில் டிவைடிங் ஹெட் வைத்து வட்டத்தை ஆறாகப் பிரிக்க நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு ரிவால்வர் ஆறு தோட்டா அறை கொண்ட சிலிண்டரைச் சுழற்றி அதே வேலையை, கட்டைவிரல் இழுப்பில், நாற்பது ஐம்பது வருடம் தவறாமல் செய்கிறது என்றால் கைகூப்பத்தான் தோன்றும்.

2011இல் ஊருக்கு வெளியே ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் முதல் ரிவால்வரை வாங்கினேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் மாடல் 29-2, அதே .44 மேக்னம்தான், ஆறரை அங்குலக் குழல். துருவைத் தடுக்க ஏற்றும் கருநீலத்தில் முகம் தெரிகிற மினுமினுப்பு. விற்றவர் 950 சொன்னார், 900க்கு முடித்தோம். டூல்ரூமில் ஆயுசைக் கழித்தவன், சட்டைப் பையில் சந்துகளை அளக்கும் மெல்லிய தகடுகள், ஃபீலர் கேஜ், இருந்தும் அதை வெளியே எடுக்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பல்லையா எண்ணுவோம்!

மறுவாரம் எங்கள் தெருவில் குடியிருக்கும் பழைய துப்பாக்கி ரிப்பேர்காரர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "இது ஃபேக்டரி நீலம் இல்லை, பின்னால் யாரோ போட்டது" என்றார். எப்படி என்றேன். பின்னால் தோட்டாவைத் தட்டும் சுத்தியையும், விரலால் இழுக்கும் விசையையும் காட்டினார். அந்தக் கம்பெனி அந்த மாடலில் அவை இரண்டையும் நீலம் ஏற்றாது. மேல்தோலை மட்டும் கடினமாக்கி, எண்ணெய் மிதக்கும் தண்ணீர் போல் பல நிறம் கலந்து விடும். என்னுடையதில் அவையும் ஒரே நீலம். பிறகு பக்கவாட்டு எழுத்துகளைக் காட்டினார். சோப்பில் பதித்த எழுத்து நாலு குளியல் கண்டது மாதிரி ஓரமெல்லாம் கரைந்திருந்தது. திருகுத் துளைகளின் விளிம்பு குழிவிழுந்து கிடந்தது. பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் துளைக்குப் பக்கத்தில் உலோகம் கூடுதலாகத் தேயும். இதையெல்லாம் எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. தேய்ந்த கைப்பிடியும் வெளுத்த நீலமுமாக, யாரும் கைவைக்காத அதே மாடல் 900க்கு நியாயம் என்றார். இது 600.

அதோடு முடியவில்லை. ஃபீலர் கேஜை அவரே கேட்டு வாங்கினார். சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலின் பின்வாய்க்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கை எங்கள் பட்டறையில் 'தௌ' என்போம். அந்தச் சந்து நாலிலிருந்து ஆறு தௌ இருந்தால் அருமை, எட்டு வரை பொறுத்துக்கொள்ளலாம். சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளி அளந்தார்: ஒன்பது. முன்னுக்குத் தள்ளி அளந்தார்: இரண்டு. வித்தியாசம் ஏழு தௌ. அதாவது சிலிண்டர் முன்னும் பின்னும் அவ்வளவு ஆடுகிறது. ஒன்றிரண்டு இருந்தால் யாரும் கவலைப்படமாட்டார்கள். ஏழு என்றால் ஒவ்வொரு வெடிக்கும் சிலிண்டர் சம்மட்டி மாதிரி போய் இடிக்கிறது என்று அர்த்தம். இரண்டு தௌ கனமுள்ள வளையம் மூன்று போட்டு ஆட்டத்தை நிறுத்தினார். சந்து என்னவோ பெரிதாகவே நின்றுவிட்டது.

ஏன் அப்படித் தேய்ந்தது என்பதில்தான் பெரிய ரிவால்வரின் விலையே அடங்கியிருக்கிறது. பெரிய தோட்டா ரிவால்வரை வாங்குபவர்களில் இரண்டு சாதி உண்டு. ஒருவர் 1971இல் வந்த ஹாலிவுட் போலீஸ் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குபவர். அந்தப் படத்துக்குப் பிறகு மாடல் 29 கடைகளில் கிடைக்காமல், போட்ட விலைக்கு மேல் கொடுத்து வாங்கினார்களாம். அவர் ஆறு ரவுண்டு சுடுவார். மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கும். வீட்டுக்குப் போய்த் துடைத்துப் பெட்டியில் வைப்பார். அவர் விற்கும்போது 50 தோட்டாப் பெட்டியில் 44 மிச்சமிருக்கும் என்பது இங்கே பழைய ஜோக். இன்னொருவர் வீட்டிலேயே வெடிமருந்தை எடைபோட்டுத் தோட்டா கட்டுபவர். பெரும்பாலோர் நிதானமானவர்கள்தான். சிலருக்கு மட்டும் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கும் கை. அவர்கள் கையில் இருந்த துப்பாக்கி வெளியே புதுசு மாதிரி இருக்கும். உள்ளே எலும்பு தேய்ந்திருக்கும். எதிரே இருப்பது எவருடையது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று என் கண்ணால் பார்ப்பேன். விற்பவர் 'காலிதான்' என்று சத்தியம் பண்ணினாலும் பார்ப்பேன். பிறகு அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, சுத்தியை மெல்லப் பின்னுக்கு இழுப்பேன். மறு கைவிரலால் சிலிண்டரை லேசாக உரசிக்கொண்டிருக்க வேண்டும். சுத்தி முழுதாகப் பின்னே போய் நிற்பதற்குள், அடியிலுள்ள தாழ் சிலிண்டர் பள்ளத்தில் 'டக்'கென்று விழ வேண்டும். ஆறு அறைக்கும் விழ வேண்டும். ஐந்துக்கு விழுந்து ஒன்றுக்கு விழாவிட்டாலும் அது நோய்தான். அறை குழலுக்கு நேரே வந்து நிற்காவிட்டால் குண்டு ஓரத்தில் சீவிக்கொண்டு போகும், பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் ஈயத் துகள் தெறிக்கும். எனக்குத் தெறித்திருக்கிறது. அடுத்து, சுத்தியை நிறுத்திவைத்து, விசையில் விரல் படாமல், பின்னாலிருந்து கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளிப் பார்ப்பேன். விழுந்தால் யாரோ விசையை இலகுவாக்குகிறேன் என்று உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

சினிமாவில் நாயகன் மணிக்கட்டைச் சுழற்றிச் சிலிண்டரைச் 'சடக்'கென்று மூடுவார் பாருங்கள், அப்படி மூடி மூடிச் சிலிண்டரைத் தாங்கும் கை வளைந்த துப்பாக்கிகள் எத்தனையோ. மூடியதும் அந்தக் கை துப்பாக்கியின் சட்டகத்தோடு மயிரிழை விடாமல் பொருந்துகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

குழலுக்குப் பின்னால் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே வளையம் போல் ஒரு நிழல் தெரிந்தால், ஒரு குண்டு நடுவழியில் நின்றிருக்க இன்னொன்று போய் முட்டிக் குழல் வீங்கியிருக்கிறது. பேரம் பேசவே கூடாது. சட்டகத்தின் மேல்பட்டியில், சந்துக்கு நேர்மேலே, தீ வெட்டிய கோடு ஒன்று இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; பெரும்பாலும் ஓரளவு வெட்டிவிட்டு அதோடு நின்றுவிடும். அறைகளுக்குள் கறுப்பு வளையம் தெரிந்தாலும் துரு என்று நினைக்காதீர்கள். .44 மேக்னம் துப்பாக்கியில் அதைவிடக் குட்டையான .44 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம். போட்டால் அது முடிகிற இடத்தில் புகை படியும். பிரஷ் போட்டால் போய்விடும். (அதைத் துரு என்று சொல்லி 50 டாலர் குறைத்து வாங்கியவர் ஒருவரைத் தெரியும். நான் இல்லை.)

இயந்திரம் தேறிய பிறகுதான் பெயர், வருடம், பெட்டி எல்லாம். 1982க்கு முந்தைய மாடல் 29 என்றால் குழலைச் சட்டகத்தோடு பூட்ட ஒரு குறுக்கு ஊசி இருக்கும். தோட்டாவின் விளிம்பு உள்ளே அமுங்கி உட்கார அறையின் வாயில் பள்ளம் கடைந்திருக்கும். செலவைக் குறைக்க அந்த ஆண்டில் இரண்டையும் விட்டுவிட்டார்கள். இவற்றால் துப்பாக்கி நன்றாகச் சுடும் என்றெல்லாம் இல்லை. ஆனாலும் சேகரிப்பவர்கள் இதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். மாடல் எண் எங்கே என்று தேடவேண்டாம், சிலிண்டரைத் திறந்தால் அந்தக் கை உட்காரும் இடத்தில் பதித்திருக்கும்.

பெட்டி என்றதும் 2016 ஞாபகம் வருகிறது. ஒரு சின்ன ஊரில், இறந்துபோன கணவரின் சாமான்களை ஒரு வயதான அம்மாள் விற்றுக்கொண்டிருந்தார். அதில் ரூகர் கம்பெனியின் சூப்பர் பிளாக்ஹாக் ரிவால்வர், ஏழரை அங்குலக் குழல். பக்கவாட்டில் மூன்று திருகு இருந்தது, எனவே 1973க்கு முந்தையது. அதற்குப் பிந்தையதில் திருகுக்குப் பதில் இரண்டு ஊசிதான். பழையதில் ஆறு தோட்டாவையும் போட்டுக்கொண்டு நடப்பது ஆபத்து, கீழே விழுந்தால் வெடிக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் சுத்திக்கு நேரே ஓர் அறையைக் காலியாக விட்டு ஐந்துதான் போடுவார்கள். பிற்பாடு கம்பெனியே இலவசமாகப் பாதுகாப்புப் பாகம் மாற்றிக் கொடுத்து, கழற்றிய பாகங்களையும் உரிமையாளருக்கே திருப்பி அனுப்பியது. மாற்றிய துப்பாக்கி சுடுவதற்குப் பத்திரம், சேகரிப்பவர்களிடம் மட்டும் விலை குறைவு. பழைய பாகங்கள் கூடவே இருந்தால் அந்தக் குறை பாதி தீரும். அம்மாளின் அட்டைப் பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே கழற்றிய அந்தப் பழைய பாகங்கள். "ஏதோ உடைந்த சாமான், போட்டுவிடலாம் என்றிருந்தேன்" என்றார். விலை 400 சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு பர்ஸை எடுத்தேன். என் வீட்டுக்காரி முறைத்தாள். பிறகு அவளே அந்தம்மாளிடம் பையின் கதையைச் சொல்லிவிட்டாள். 600 கொடுத்து, உரிமம் உள்ள கடை ஒன்றில் வைத்தே கைமாற்றிக்கொண்டோம். டெக்சஸ்காரர்களுக்குள் அது கட்டாயமில்லை. ஆனாலும் எழுத்தில் இருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

உங்கள் கட்டுரையில் படமாகப் போட்டிருந்தீர்களே, அந்த .455 வெப்ளி ரிவால்வர், அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1915இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட ஆறாம் மார்க், அதாவது ஆறாவது வடிவம், அது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் மலிவாக வந்து குவிந்தது. .455 தோட்டா இங்கே சுலபமாகக் கிடைக்காததால், சிலிண்டரின் பின்முகத்தைச் சீவி, அரைவட்டத் தகட்டில் கோத்து .45 பிஸ்டல் தோட்டா போடுகிற மாதிரி ஆக்கி விற்றார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்ளிக்கு ரொம்ப அதிகம். சீவிய வெப்ளி சீவாததைவிட மலிவு, வழக்கமான .45 போட்டுச் சுட்டால் ஆபத்தும்கூட. எத்தனை பழையது என்று பார்க்கிற நேரத்தில் பின்முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இதே மாதிரி வெளிநாட்டு ரிவால்வர்கள் லட்சக்கணக்கில் போவதைத் தரத்துக்குச் சான்றாகக் கட்டுரை காட்டியிருந்தது. தரமில்லை, தட்டுப்பாடு. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதியை நிறுத்தினார்கள்; இருப்பதைத்தான் உரிமக்காரர்கள் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விலையை வைத்து இங்குள்ள துப்பாக்கியை மதிப்பிடுவது, கோவை நகை விலையை வைத்துப் பித்தளைக் குடத்தை எடைபோடுகிற கதைதான்.

இங்கே எச்-1பி விசாவில் வந்திருக்கும் தம்பிகள் உங்கள் இதழை இணையத்தில் படிக்கிறார்கள் என்பதால் இதையும் சேர்க்கிறேன். அந்த விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு உள்ள நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அது மத்திய அரசுக் குற்றம். வேறு மாநிலத்துக்காரரிடம் கைத்துப்பாக்கியை நேரடியாக வாங்கவும் 1968ஆம் வருடச் சட்டம் விடாது.

நீங்கள் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் ஒரு வரி போதும் ஐயா: தாத்தா காலத்து ரிவால்வர் உரிமத்தோடு வீட்டில் இருக்கிறவர்கள், விற்பதற்கு முன் தயவுசெய்து பாலிஷ் போடக் கொடுக்க வேண்டாம். எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

அந்த 29-2 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்துப் போய், .44 ஸ்பெஷல் போட்டுக் காகிதத்தைச் சுட்டுவிட்டு வருகிறேன். விற்க மனசில்லை. போட்ட காசு வராது என்பதும் ஒரு காரணம்.

இப்படிக்கு,
பழைய டூல்ரூம்காரன்,
ஹூஸ்டன், டெக்சஸ்