பத்து டாங்கியும் ஒருவர் கணக்கல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1971 இந்திய-பாகிஸ்தான் போரின் வெற்றி நாளான டிசம்பர் 16ஐ ஒட்டி வந்த தங்கள் சிறப்புப் பக்கத்தில், அதே நாளில் களத்தில் விழுந்த டாங்கிப்படை அதிகாரி செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபாலுக்கு அரைப்பக்கம் கொடுத்திருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் தலைப்பிலேயே 'தனி ஒருவராகப் பத்து டாங்கிகளை அழித்தவர்' என்று போட்டுவிட்டீர்கள். அவருக்குக் கிடைத்த, போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயரிய விருதான பரம்வீர் சக்ராவுக்கான அரசின் சான்றுரை அப்படிச் சொல்லவில்லை. அன்று அந்த முனையில் நின்றவை மூன்று இந்திய டாங்கிகள். எதிரியின் பத்து டாங்கிகளை வீழ்த்தியது அந்த மூன்றும் சேர்ந்துதான். அதில் கேத்ரபாலின் கையால் விழுந்தவை நான்கு என்று சான்றுரை தெளிவாகப் பிரித்தே சொல்கிறது. படைக்கு வந்து ஆறே மாதமான 21 வயது அதிகாரிக்கு நான்கு போதாதா? கூட்டிச் சொன்னால் மற்ற இரண்டு டாங்கிகளில் இருந்தவர்களின் பங்கைப் பறித்ததாகிவிடும்.

படமும் தவறு. தாங்கள் போட்டிருப்பது ஆவடியில் செய்த விஜயந்தா. கேத்ரபால் ஏறிச் சென்றது பிரிட்டன் தயாரிப்பான சென்சூரியன். அதற்கு 'ஃபமகுஸ்தா' என்று பெயர். எடை சுமார் 50 டன், ஓடுவது பெட்ரோல் எஞ்சினில். எதிரில் வந்தவை பாகிஸ்தானின் 13வது லான்சர்ஸ் படைப்பிரிவின் அமெரிக்கப் பாட்டன் டாங்கிகள்.

இடத்தைப் பற்றியும் கட்டுரையில் குழப்பம் இருக்கிறது. 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவு நடந்தது என்பதால், அன்றைய சண்டை எல்லாமே வங்கத்தில் நடந்ததாக நினைத்துவிடுகிறோம். கேத்ரபால் விழுந்தது நேர் எதிர்த்திசையில், மேற்கு முனையில், பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் உள்ள ஜர்பால் கிராமத்தருகே. பதான்கோட்டிலிருந்து ஜம்முவுக்குப் போகும் சாலை அங்கே எல்லையை ஒட்டியே ஓடுகிறது. அதை எதிரி வெட்டிவிட்டால் காஷ்மீருக்கு வழி அடைபடும். மேற்கில் துப்பாக்கிகள் ஓய்ந்தது மறுநாள் 17ஆம் தேதி இரவுதான்.

தங்கள் கட்டுரை ஒரு வரியில் தாண்டிப்போன விஷயத்துக்கு வருகிறேன். 'டாங்கிகள் ஆற்றைக் கடந்தன' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஓடும் பசந்தர் பெரிய ஆறு அல்ல. தடுத்தது தண்ணீர் அல்ல, இரு கரையிலும் புதைத்திருந்த கண்ணிவெடிகள். டாங்கிக்கு வைக்கும் வெடி ஆள் மிதித்தால் பொதுவாக வெடிக்காது. அதற்குக் கனமான பாரம் வேண்டும். அதனால் அதைத் தோண்டி எடுக்க வருபவரைக் கொல்லவென்றே சுற்றிலும் சிறு வெடிகளைத் தூவி வைப்பார்கள். அகற்றுபவர் இருட்டில் தவழ்ந்துபோய்க் கூர்முனைக் கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்க்க வேண்டும். நேராகக் குத்தினால் கம்பி வெடியின் தலையில் அழுத்திவிடும்; சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில்தான் தட்டும். உலோகம் காட்டும் கருவியை முழுக்க நம்ப முடியாது. குண்டு விழுந்த நிலத்தில் எங்கு பார்த்தாலும் இரும்புச் சில்லுதான். மரப்பெட்டியிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த வெடி அதற்குச் சரியாகச் சிக்காது. டாங்கியின் முன்னால் உருளை பூட்டி உருட்டிப் போகும் முறையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு வெடிப்பிலும் உருளை அடிபடும், கடைசிவரை தாங்காது. எடுத்தபின் பாதையின் இரு ஓரத்திலும் நாடா கட்டி, முன்னால் இருக்கும் எதிரிக்குத் தெரியாதபடி மறைத்த விளக்கு வைக்க வேண்டும். இத்தனையும் எதிரியின் குண்டுமழைக்கு நடுவே.

இப்படித் திறப்பது ஒரே ஒரு டாங்கி போகிற அகலத்துக்குத்தான். முன்னால் போகும் ஒன்றுக்குச் சங்கிலி அறுந்தால் பின்னால் வருவது எதுவும் நகராது. விலகிப் போகவும் முடியாது. 15ஆம் தேதி இரவு பாதை பாதிதான் திறந்திருந்தது. அக்கரையில் காலாட்படை எதிரி டாங்கிகளின் நடமாட்டத்தைக் கேட்டுவிட்டது. விடியும்வரை காத்திருந்தால் அக்கரையில் இருப்பவர்கள் நசுங்குவார்கள். கேத்ரபாலின் டாங்கிப் படைப்பிரிவான பூனா ஹார்ஸின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஹனுத் சிங், வெடி எடுக்காத மிச்ச நிலத்திலும் டாங்கிகளை ஓட்டச் சொன்னார். மறுநாள் காலையில் கேத்ரபால் அங்கே நிற்க முடிந்தது இந்த முடிவால்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பும் உண்டு, அதுவும் விடுபட்டிருக்கிறது. கண்ணிவெடிகளை அகற்றியவர்களில் ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸின் 9வது பொறியாளர் படைப்பிரிவும் இருந்தது. படையில் 'தம்பிகள்' என்று அழைக்கப்படுபவர்கள் இவர்கள்தான். அந்தப் பிரிவின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி இந்தப் பணியிலேயே உயிர்விட்டு, பரம்வீர் சக்ராவுக்கு அடுத்த விருதான மகாவீர் சக்ரா பெற்றார். அக்கரையைப் பிடித்து வைத்திருந்த காலாட்படைகளில் மதராஸ் ரெஜிமென்டின் 16வது பட்டாலியனும் ஒன்று. அதன் தளபதி லெப்டினன்ட் கர்னல் வி.பி. காய் இதே சண்டையில் மறைந்தார், அவருக்கும் மகாவீர் சக்ரா. ஜர்பாலைப் பிடித்த இன்னொரு காலாட்படைப் பிரிவான 3 கிரனேடியர்ஸின் மேஜர் ஹோஷியார் சிங் பரம்வீர் சக்ரா பெற்று, உயிரோடு திரும்பினார். இந்த ஒரே சண்டையில் இரண்டு பரம்வீர் சக்ரா!

கேத்ரபால் இருந்தது பூனா ஹார்ஸின் 'ஏ' ஸ்குவாட்ரன் என்ற உட்பிரிவில். ஆபத்தில் மாட்டியது 'பி' ஸ்குவாட்ரன். வானொலியில் உதவி கேட்ட குரல் காதில் விழுந்ததும், யாரும் சொல்லாமலே தன் டாங்கிகளைத் திருப்பிக்கொண்டு போனார். வழியில் எஞ்சியிருந்த எதிரிப் பதுங்குகுழிகளின் மீது டாங்கியை ஏற்றினார். சிலரைக் கைத்துப்பாக்கி முனையில் சிறைபிடித்தார். பின்வாங்கிய டாங்கிகளை விரட்டிக்கொண்டும் போனார். வேகம் தலைக்கேறிவிட்டது என்று சான்றுரையே ஒளிக்காமல் சொல்கிறது. எனக்கு அந்த வரி பிடிக்கும். விருதுச் சான்றுரைகளில் மனிதர் இப்படித் தெரிவது அபூர்வம்.

அடிபட்டு டாங்கி தீப்பிடித்ததும் இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது. பெட்ரோல் வண்டி, உள்ளே குண்டுகள் அடுக்கியிருக்கும். குதித்து ஓடுவதுதான் முறை, அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் ஓட முடியாத டாங்கியிலும் பீரங்கி சுட்டால் அது ஒரு கோட்டைதான். தான் இறங்கினால் அந்த இடைவெளியில் எதிரி நுழைந்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும். பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு இன்னொரு டாங்கியையும் அடித்தார். அடுத்த குண்டு அவரைக் கொன்றது.

சென்சூரியனில் நான்கு பேர்: ஓட்டுநர், பீரங்கி சுடும் கன்னர், குண்டு ஏற்றிக்கொண்டே வானொலியையும் பார்ப்பவர், தலைவர். ஃபமகுஸ்தாவின் ஓட்டுநர் பிரயாக் சிங்கும் கன்னர் நத்து சிங்கும் பிழைத்தார்கள். வானொலியைக் கவனித்த சவார் (சிப்பாய்) நந்த் சிங் பிழைக்கவில்லை. தங்கள் அரைப்பக்கத்தில் இந்த மூன்று பேரில் ஒருவர் பெயரும் இல்லை. 2001இல் கேத்ரபாலின் தந்தை பாகிஸ்தான் போய், மகனைக் கொன்ற அதிகாரியின் வீட்டிலேயே விருந்தாளியாகத் தங்கிய கதைக்கு மட்டும் இரண்டு பத்தி. உருக்கமான செய்திதான், மறுக்கவில்லை.

'பரம்வீர் சக்ரா பெற்றவர்களிலேயே இளையவர்' என்பதும் இப்போது பொருந்தாது. கார்கில் போரில், 1999இல், 19 வயதில் அதைப் பெற்ற யோகேந்திர சிங் யாதவ் இருக்கிறார்.

ஃபமகுஸ்தா அகமதுநகர் கவசப்படை மையத்தில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த டிசம்பரில் படம் தேவைப்பட்டால் அதையே போடுங்கள். கீழே நான்கு பெயரும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வேலூர்.