தைராய்டு ஊசிப் பரிசோதனை: மூன்றாம் வகைதான் சிக்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

தைராய்டு கட்டியில் ஊசி வைத்து எடுத்த ஒரே சிலைடை இரண்டு நோயியல் மருத்துவர்கள் பார்த்து இரண்டு விதமாக எழுதினால், யாரோ ஒருவருக்கு விஷயம் தெரியவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை.

தைராய்டு ஊசிப் பரிசோதனை முடிவுகளை வகைப்படுத்தும் பெதஸ்டா முறையில் ஆறு வகைகள். 2023ல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. புற்றுநோய் அல்லாத இரண்டாம் வகையிலும், புற்றுநோய் என்று உறுதியாகும் ஆறாம் வகையிலும் கருத்து அதிகம் பிரிவதில்லை. இழுபறி, புற்றுநோயா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல முடியாத மூன்றாம் வகையில்தான். உட்கரு சற்றுப் பெருத்து வெளிறியிருக்கிறது, அங்கங்கே ஒரு கோடு விழுந்திருக்கிறது. இது எத்தனை செல்களில் இருந்தால் மூன்று, எத்தனையில் இருந்தால் ஐந்து, அதாவது புற்றுநோய் என்ற வலுவான சந்தேகம்? வரையறுத்த எண் எதுவும் இல்லை. ஆனால் புற்றுநோய்க்கான வாய்ப்பு சராசரியாக இரண்டாம் வகையில் 4 சதவீதம், மூன்றில் 22, ஐந்தில் 74. ஒரு வகை தள்ளிப்போனால் சிகிச்சையே மாறிவிடும்.

பாதித் தகராறு நுண்ணோக்கிக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது. செல்கள் தெளிவாகத் தெரிய இடும் சாயங்களில் ஒன்றான பாப் சாயத்துக்கான சிலைடு ஈரம் காயும் முன் 95 சதவீத ஆல்கஹாலில் இறங்க வேண்டும். சில விநாடி தாமதித்தாலும் செல் தட்டையாகப் பரந்து உட்கரு பெரிதாகத் தெரியும், உள்ளமைப்பு மங்கிவிடும். அதைப் பார்ப்பவர் ‘மாற்றம்’ என்று எழுதிவிடுவார். ஜீம்சா சாயத்துக்கு நேர்மாறாக, சிலைடை வேண்டுமென்றே காற்றில் உலர்த்துகிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். இரத்தம் கலந்து உறைந்த சிலைடில் செல்கள் சிக்கிக்கொள்ளும். ஸ்கேன் ஜெல் ஒட்டியிருந்தால் கொலாய்டு (தைராய்டில் இயல்பாக இருக்கும் கூழ்) போலவே ஏமாற்றும். தலா பத்து செல்களாவது உள்ள ஆறு கொத்துகள் இல்லையென்றால், சில விதிவிலக்குகள் தவிர, மாதிரி போதாது என்று முதல் வகையில் எழுதுவதே சரி.

‘எங்கள் லேபில் 84 சதவீதம் ஒத்துப்போகிறது’ என்றால் பெருமைப்பட அவசரம் வேண்டாம். இருவருமே நூற்றுக்கு எண்பதை ‘சாதாரணம்’, இருபதை ‘சந்தேகம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் 68 ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழித்துக் காட்டும் கப்பா அளவுகோல் இங்கே 0.5தான்.

மூன்றாம் வகை ஒரு லேபின் மொத்த அறிக்கைகளில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரிந்துரை. மருத்துவர்வாரியாகக் கணக்கெடுத்தால்தான் யார் கை எங்கே சாய்கிறது என்று புரியும். அந்த வகை எழுதும்போது மாற்றம் உட்கருவிலா, வேறு விதத்திலா என்பதையும் குறிப்பிட வேண்டும். உட்கரு மாற்றத்தில் ஆபத்து கூடுதல். சிக்கலான சிலைடுகளைக் கூடிப் பார்க்கும்போது ஒவ்வொருவரும் முதலில் தாளில் எழுதிவிட்டுப் பேசட்டும். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுவதுதான் நடக்கும். அது ஒத்த கருத்து ஆகாது.

இத்தனை செய்தாலும் நான்காம் வகையில் ஒரு எல்லை உண்டு. இந்த வகையில் வரும் ஃபாலிகுலர் கட்டி (தைராய்டின் நுண்பை செல்களில் உருவாவது) புற்றுநோயா என்று அறிய, அது தன் உறையைத் துளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அது அறுவை செய்து எடுத்த கட்டியில்தான் தெரியும். ஊசியில் வந்த செல்கள் அதைச் சொல்லாது.

மறு கருத்து கேட்கப் போகிறவர்கள் அறிக்கையின் நகலை மட்டும் கொண்டுபோவதில் பயனில்லை. சாயமிட்ட சிலைடுகள் எல்லாவற்றையும், அல்ட்ராசவுண்ட் அறிக்கையையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
நோயியல் மருத்துவர் ஒருவர்