செய்யாத பயிற்சிக்குக் கையெழுத்துக் கேட்பது குறித்த புகார்

அனுப்புநர்:
விமான உடற்பகுதிப் பராமரிப்புப் பயிற்சி இரண்டாம் ஆண்டு மாணவன்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
விமானப் பராமரிப்புப் பயிற்சி நிறுவனம், சென்னை.

பொருள்: பணிமனைக் குறைபாடுகள், லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) பொய்ப் பதிவு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இராமநாதபுரத்தில் தங்கள் நிறுவனம் நடத்திய சேர்க்கை முகாமில் தரப்பட்ட கையேட்டை நம்பி நான் இப்பயிற்சியில் சேர்ந்தேன். என் வீட்டார் நகையை அடகு வைத்துத் தவணை தவறாமல் கட்டணம் கட்டி வருகிறார்கள். 2400 மணி நேரப் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய பாதி செய்முறைப் பயிற்சி என்று அக்கையேட்டில் அச்சிடப்பட்டுள்ளது. வகுப்பறைப் பாடத்தில் எனக்குக் குறையில்லை. ஆசிரியர்கள் அக்கறையோடு நடத்துகிறார்கள். என் புகார் பணிமனையைப் பற்றியது.

தகட்டு வேலைக்கு எங்களுக்குக் கொடுக்கப்படுபவை முந்தைய ஆண்டு மாணவர்கள் துளையிட்டுத் தீர்த்த பழைய அலுமினியத் தகடுகள். விளிம்பிலிருந்து, தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டின் விட்டத்தைப் போல் குறைந்தது 2 மடங்கு தள்ளித் துளையிட வேண்டும் என்று காலையில் பாடம் நடக்கிறது. பிற்பகலில் கைக்கு வரும் தகட்டிலோ அப்படியோர் இடத்தைத் தேடினாலும் கிடைப்பதில்லை. வகுப்புக்கே ஒரு ரிவெட் கன்தான் இருக்கிறது. அதன் காற்றுக்குழாய் கசிவதால் அடி சீராக விழுவதில்லை. அடித்து முடித்த ரிவெட்டின் வால், அதாவது அடிபட்டு விரியும் முனை, விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமுமாக வட்டமாய் அமைய வேண்டியிருக்க, எங்களுடையவை ஒருபக்கம் சாய்ந்து மடங்குகின்றன. அவற்றைத் துளைத்தெடுத்துவிட்டுப் புது ரிவெட் கேட்டால் இருப்பில் இல்லை என்கிறார்கள்.

இதையெல்லாம் இதுவரை பொறுத்துக்கொண்டேன். ஆனால் சென்ற மாதம், அரிப்பு நீக்கம், வெளித்தகட்டுக்கு ஒட்டுப்போடுதல் ஆகிய இரண்டு வேலைகளையும் நான் செய்து முடித்ததாக லாக் புக்கில் தாமே எழுதி, அதில் கையெழுத்திடும்படி பணிமனைப் பொறுப்பாளர் வற்புறுத்தினார். அவ்வேலைகளைப் பிறர் செய்துகூட நான் பார்த்ததில்லை. மறுத்தபோது, உள்மதிப்பீட்டு மதிப்பெண் குறையும் என்று எச்சரித்தார்.

நான் கடற்கரைக்காரன். உப்புக்காற்று உலோகத்தை எப்படித் தின்னும் என்பதை வீட்டு ஜன்னல் கம்பியிலேயே பார்த்து வளர்ந்தவன். உச்சிப்புளிக் கடற்படைத் தளத்தின் விமானங்களும் இதே காற்றில்தான் நிற்கின்றன. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில், தகடுகளின் இணைப்பில் ஏறிய அரிப்பும் ரிவெட் துளைகளில் தொடங்கிய விரிசல்களும் சேர்ந்து, பறந்துகொண்டிருந்த அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானத்தின் மேற்கூரை பிய்ந்துபோனதையும் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்ததையும் எங்களுக்கு நடத்தியவர் தங்கள் நிறுவன ஆசிரியரே. அந்தப் பாடத்தைக் கேட்ட பின்பும் தெரியாத வேலையைத் தெரியும் என்று எழுதிக்கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

எனவே, என் லாக் புக்கிலுள்ள அவ்விரு பதிவுகளையும் உடனே நீக்கி, புதிய தகடுகளும் ரிவெட்டுகளும் பழுதில்லாத கருவிகளும் வாங்கி, விடுபட்ட செய்முறை வகுப்புகளை இப்பருவம் முடிவதற்குள் நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். மறுத்ததற்காக என் மதிப்பெண்ணில் கைவைக்கப்படாது என்பதையும் எழுத்து மூலம் உறுதிசெய்ய வேண்டும். 15 நாட்களுக்குள் தங்கள் பதில் வராவிட்டால், லாக் புக்கின் நகலை இணைத்து சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு இப்புகாரை அனுப்புவேன்.

இப்படிக்கு,
தங்கள் நிறுவன மாணவன்